துறைமுகத்து ஜன்னலும் எக்ஸ்சேஞ்ச் அக்காவும்

அந்த ஆஸ்பத்திரியில் அவர் பெயரைச் சொல்லித் தேடினால் யாருக்கும் தெரியாது. எக்ஸ்சேஞ்ச் அக்கா என்று கேட்டால் வாசல் காவலாளிகூட வழிகாட்டுவார். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. மேசைமேல் தொலைபேசி போர்டு, அதில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் அக்காவின் குரல்தான் கேட்கும். "ஒரு நிமிஷம், கொடுக்கறேன்" என்று வார்டுக்கோ டாக்டருக்கோ இணைத்துவிடுவார். அழுகிறவர்களும், குழந்தை பிறந்த சந்தோஷத்தில் குளறுகிறவர்களும் அவரைத் தாண்டித்தான் போனார்கள். யாரும் அவரிடம் நின்றதில்லை.

கல்யாணம் ஆகவில்லை. வந்த இடங்கள் ஒன்றும் பொருந்தாமல் தட்டிக்கொண்டே போய், பிறகு இடம் வருவதே நின்றுபோனது. அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தார். அண்ணி குணத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் டிவியில் விளம்பரம் ஓடும்போது மட்டும்தான் பேசுவார்.

ஒருநாள் மதியம் எலும்பு வார்டைக் கேட்டு ஒருவர் கூப்பிட்டார். அவர் குரலுக்குப் பின்னால் அடிவயிற்றிலிருந்து எழுவதுபோல நீளமாக ஒரு முழக்கம்.

"சார், லைன்ல ஏதோ கோளாறு. வெச்சிட்டுத் திரும்பக் கூப்பிடறீங்களா?"

"லைன் நல்லாத்தாம்மா இருக்கு. அது கப்பல். கிளம்பறதுக்கு முன்னாடி சங்கு ஊதுது."

அக்கா கடலையே பார்த்தவரில்லை. அன்று சாப்பாட்டு நேரத்தில், பாதி டிபனில் கையை நிறுத்தி, கைபேசியில் கப்பல் சங்கு என்று தேடினார். 'துறைமுகத்து ஜன்னல்' என்ற வலைத்தளம் வந்து நின்றது.

அதை நடத்தியவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்தபின் தனியாக இருந்தார். வீட்டு ஜன்னலைத் திறந்தால் கப்பல் வந்து கட்டுகிற இடம் முழுக்கத் தெரியும். தினமும் ஒரு படம் எடுத்துப் போட்டு, கீழே நாலைந்து வரி எழுதுவார். "இன்று கோதுமைக் கப்பல் காலியானது. பாரம் இறங்கியதும் கடன் அடைத்தவன் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது." "தண்ணீர் இன்று பாத்திரம் கழுவிய நிறம். யாரும் கோபிக்க வேண்டாம், நாளைக்குச் சரியாகிவிடும்."

பழைய பக்கங்களையெல்லாம் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் அக்கா படித்துத் தீர்த்தார். பிறகு, எழுதி எழுதி அழித்து, கடைசியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். "ஐயா, வணக்கம். காலியான கப்பல் மேலே எழும்பிவிடும் என்கிறீர்களே. அப்போது ஏணி எட்டாமல் போகாதா? உள்ளே இருப்பவர்கள் எப்படி இறங்குவார்கள்?"

மறுநாளே பதில் வந்தது. "அம்மா, எனக்கு வர்ற கடிதமெல்லாம் 'அருமை', 'சூப்பர்'தான். உள்ளே இருக்கிறவங்க எப்படி இறங்குவாங்கன்னு கவலைப்பட்ட முதல் ஆள் நீங்க. எட்டும். கப்பல் ஏற ஏற ஏணி செங்குத்தா நிமிரும். அதுக்குன்னு ஒருத்தர் பக்கத்துலயே நின்னு சரி பண்ணிக்கிட்டே இருப்பாரு."

அப்படித் தொடங்கியது. எந்த ஊர், எங்கே வேலை என்று அவர் அக்காவைக் கேட்டார். "நானும் கிரேன்தான் ஓட்டறேன்" என்று இவர் எழுதினார். "இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் வைக்கிறேன். உள்ளே என்ன சாமான்னு பாக்கக் கூடாது." அன்றிலிருந்து அவருக்கு இவர் 'எக்ஸ்சேஞ்ச் அம்மா', இவருக்கு அவர் 'கிரேன்காரர்'.

அண்ணி ஒருநாள் பிடித்துவிட்டார். "என்ன, போனைப் பாத்துத் தனியா சிரிக்கிற?"

"ஒரு கப்பல் சங்கைப் பத்தி எழுதியிருக்காங்க அண்ணி."

"சங்கா? நல்லாத்தான் ஆசைப்படுற போ. நமக்கு ஊதும்போது கேட்டாப் போதாதா?"

அடுத்த வருஷம் கிரேன்காரரின் ஜன்னலுக்கு எதிரே ஒரு கட்டடம் எழும்பத் தொடங்கியது. முதலில் தண்ணீர் மறைந்தது. பிறகு கப்பல்களின் உடல் மறைந்தது. படங்களில் சிமென்ட் தூண்களும், அவற்றுக்கு மேல் எட்டிப் பார்க்கும் கொடிக்கம்பங்களும்தான் மிஞ்சின. "தெரியாத கப்பலைப் பத்தி என்னத்தை எழுதறது? தளத்தை மூடிடலாம்னு இருக்கேன்" என்று எழுதினார்.

அக்கா இரண்டு நாள் யோசித்து எழுதினார். "கிரேன்காரரே, என் அறையில ஜன்னலே கிடையாது. ஆனா யார் அழுகையை அடக்கிட்டுப் பேசறாங்க, யார் கூப்பிட்டுட்டு என்ன சொல்றதுன்னு தெரியாம முழிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு சொல்லுவாங்க இல்லையா? உங்க யானைக்குத்தான் மணி இருக்கே. கேட்டு எழுதுங்க."

படம் நின்றது. வரிகள் வளர்ந்தன. "இன்று வந்தவனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. வழியில் மழையில் நனைந்திருப்பான்." "இழுவைப் படகு சிணுங்குகிறது, பெரியவன் அதட்டுகிறான்." முன்பு படித்ததைவிட இதை அக்கா மெதுவாகப் படித்தார். இந்த வரிகளெல்லாம் தனக்காக எழுதப்படுகின்றன என்று நினைக்க ஆசையாக இருந்தது. நினைத்துவிட்டு, 'வயசுக்குத் தகுந்த நினைப்பா இது' என்று தன்னையே கடிந்துகொள்வார். மறுபடி நினைப்பார்.

ஒரு மதியம் வழக்கம்போல விளக்கு எரிந்தது. "ஆஸ்பத்திரி, வணக்கம்."

"எக்ஸ்சேஞ்ச் அம்மாங்களா?"

அக்காவை எக்ஸ்சேஞ்ச் அம்மா என்று கூப்பிடுகிறவர் ஒரே ஒருவர்தான். நினைத்திருந்ததைவிட மெலிந்த குரல், கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"பேசாதீங்க, பேசாதீங்க. இப்ப ஒருத்தன் கிளம்பப்போறான். போனை ஜன்னல்கிட்டப் பிடிக்கிறேன்."

சங்கு ஊதியது. காது நிறைந்து, தொண்டை வரைக்கும் இறங்கி, மேசையில் இருந்த டிபன் டப்பாகூட அதிர்வதுபோல இருந்தது. அது அடங்குவதற்குள் போர்டில் ஆம்புலன்ஸ் விளக்கு மின்னத் தொடங்கியது.

"லைன்ல இருங்க" என்று மட்டும் சொன்னார். ஆபரேஷன் தியேட்டர், ரத்த வங்கி, வீட்டிலிருந்த டாக்டர் என்று ஒவ்வொன்றாக இணைத்து முடித்துவிட்டுத் திரும்பினால், கிரேன்காரரின் விளக்கு அணைந்திருந்தது.

சாயங்காலம் ஒரே ஒரு சொல்லில் கடிதம் வந்திருந்தது. "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. உங்க குரலும் கேட்டுச்சு. இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்" என்று அக்கா எழுதினார். பிறகு முதல் சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்து அனுப்பினார்.

ஒரு தடவை வந்து போங்களேன் என்று அவர் கூப்பிட்டார். வருகிறேன் என்று இவரும் சொன்னார். அண்ணனுக்குக் கண்ணில் ஆபரேஷன் வந்தது. மாற்றுக்கு வரும் பெண் பிரசவ விடுப்பில் போனாள். இதோ அதோ என்று தள்ளிக்கொண்டே போயிற்று. அதற்குள் கிரேன்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வெளிநாட்டிலிருந்து மகள் வந்து, இனிமேல் தனியாக விட முடியாது என்று கையோடு கூட்டிப்போய்விட்டாள். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஊராம் அது. தளத்தில் கடைசியாக ஒரு வரி இருந்தது: "ஜன்னலைச் சாத்துகிறேன். கூடவே இருந்து கேட்டவர்களுக்கு நன்றி."

கடிதம் நிற்கவில்லை. பேத்திக்குப் பல் முளைத்தது, முட்டி வலி, வீட்டுக்குள்ளேயும் காலுறை போட்டுக்கொள்ளச் சொல்கிறாள் மகள் என்று எழுதுவார். அக்கா எல்லாவற்றுக்கும் அக்கறையாகப் பதில் போடுவார். ஆனால் கப்பலைப் பற்றி எழுதிய மனிதர் அந்தக் கடிதங்களில் இல்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? ஒருமுறை அவராகவே எழுதினார்: "எல்லாம் சௌக்கியம். காதுதான் சும்மா கிடக்கு."

அந்த வாரமே அக்கா விடுப்புப் போட்டுவிட்டு, அவர் முன்பு இருந்த துறைமுக ஊருக்குத் தனியாகக் கிளம்பினார்.

கடல், நினைத்ததைவிடச் சத்தமாக இருந்தது. தெருவைக் கேட்டுக் கேட்டுப் போய்க் கிரேன்காரரின் பழைய வீட்டைக் கண்டுபிடித்தார். ஜன்னலில் யாரோ குழந்தைத் துணி காயப்போட்டிருந்தார்கள். எதிர்க் கட்டடத்தில் ஆட்கள் குடிவந்திருந்தார்கள். சந்து முனையில், கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் ஒரு கப்பலின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. அங்கேயே நின்றார். கால் கடுத்தபோது ஒரு கல்லில் உட்கார்ந்தார். பொழுது சாயும் நேரத்தில் அது ஊதியது. இதற்கு முன்னால் போனில் கேட்டது ஒன்றுமே இல்லை. இது நெஞ்செலும்பில் வந்து மோதியது. பக்கத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போலத் திரும்பினார். ஒரு நாய்தான் இருந்தது.

அங்கே உட்கார்ந்தபடியே எழுதினார்: "கிரேன்காரரே, வந்துட்டேன்."

பதில் விடியற்காலையில் வந்திருந்தது. "நீங்க வந்தப்போ நான் இல்லாமப் போயிட்டேனே."

இப்போதும் எழுதிக்கொள்கிறார்கள். வாரம் ஒன்று என்பது மாதம் ஒன்றாகியிருக்கிறது. அவருக்குக் கை நடுங்குவதால் மகள் தட்டச்சு செய்து அனுப்புகிறாள். அதனால் அக்காவும் அளந்து எழுதுகிறார். அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெற்றதும் அந்தத் துறைமுக ஊரில் ஒரு அறை எடுத்துக் கொஞ்ச நாள் இருக்கப்போவதாக வீட்டில் சொல்லியிருக்கிறார்.

"அங்க உனக்கு யாரு இருக்கா?" என்று அண்ணி கேட்டார்.



"ஒருத்தர் இருந்தாரு அண்ணி" என்றார்.