ஆயுத பூஜைக்கு அடித்த சுண்ணாம்பு

அப்பாவின் பட்டறைச் சுவர்கள் அத்தனை வெண்மையாக இருந்ததை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது. அந்த வெண்மைக்காக நாங்கள் எதை அழித்தோம் என்பது அன்று வீட்டில் யாருக்கும் முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரியவந்தது எல்லாரையும்விடத் தாமதமாக.

பெங்களூர் விவேக் நகரில் தேவாலயம் இருக்கும் பக்கம் மேடு. அங்கிருந்து இறங்கும் தெருக்களில் ஒன்று, ராஜகாலுவே என்று ஊரார் அழைக்கும் பெரிய மழைநீர்க் கால்வாயில் போய் முடியும். அந்தக் கடைசியில் கீழ்த்தளத்தில் பட்டறை, மேலே எங்கள் வீடு. பேக்கரிகளுக்கும் இனிப்புக் கடைகளுக்கும் அட்டைப் பெட்டி செய்து கொடுப்பது அப்பாவின் தொழில். அட்டையை வெட்டித் தள்ளும் பஞ்சிங் மிஷின் ஒன்று, மடித்து ஒட்டக் கூலிக்கு வரும் இரண்டு அக்காக்கள், அவ்வளவுதான் நிறுவனம். ஆண்டு முழுவதும் ஒருவாறு ஓடும் அந்தத் தொழில் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில்தான் எங்களைக் காப்பாற்றும். அந்த மாதங்களில் அட்டைக் கட்டுகள் கூரையைத் தொடும். அவற்றின் இடுக்கில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அச்சு மையும் பசையும் கலந்த அந்த வாசனைதான் எனக்குத் தீபாவளியின் வாசனை.

மிஷின் வாங்கக் கடன் கொடுத்த வங்கி, இன்சூரன்ஸ் இருந்தாக வேண்டும் என்றது. தொம்மலூரில் இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், வேலை நேரம் போக இன்சூரன்ஸ் ஏஜெண்டாகவும் இருந்தார். அவரே வந்து கையெழுத்து வாங்கிப் போனார். தீ, திருட்டு, புயல், வெள்ளம் என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தபோது, வெள்ளம் என்ற இடத்தில் அப்பா சிரித்துவிட்டார்.

“மச்சான், நம்ம ஊரு கடலுக்கு மூவாயிரம் அடி மேல இருக்குது. இங்க வெள்ளம் வரணும்னா மொதல்ல மெட்ராஸ் முழுகி, அப்புறம் கோலார் முழுகி, அதுக்கப்புறம்தான் வரணும்.”

“வந்தா வரட்டும் மாப்ள. கட்டறது கட்டறீங்க, அதுவும் கெடக்கட்டும்” என்றார் மாமா.

கடலைப் பற்றி அப்பா சொன்னது சரிதான். தண்ணீர் அந்தப் பக்கமிருந்து வரவில்லை. எங்கள் தெருவுக்கு மேலே ஒருகாலத்தில் மழைநீரைத் தேக்கி வைத்திருந்த ஏரிகள் ஒவ்வொன்றாக மனையாகிக்கொண்டிருந்தன. முன்பு ஒரு மாதம் நின்று நிதானமாகப் பெய்த மழை ஒரே மாலையில் கொட்டித் தீர்க்கத் தொடங்கியிருந்தது. இவையெல்லாம் நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், நவராத்திரி தொடங்கிய வாரத்தில், பள்ளிவிட்டு வந்த சற்று நேரத்தில், தண்ணீர் வாசல் வழியாக வராமல் கழிவறை வழியாக வந்தது என்பதுதான்.

கால்வாய் நிரம்பி எதிர்த்துத் தெருவுக்குள் ஏறியது. அப்பாவும் அக்காக்களும் மேல்கட்டுகளை இறக்கி மாடிப்படியில் அடுக்க முயன்றார்கள். அதற்குள் அடிக்கட்டுகள் தண்ணீரைக் குடித்து உப்பிவிட்டன. உப்பிய கட்டு மேலிருந்த கட்டுகளைச் சாய்த்தது. ஒவ்வொன்றும் அவசரமில்லாமல், களைத்த மனிதர் உட்கார்வதுபோல, தண்ணீரில் உட்கார்ந்தது. நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சிங் மிஷினின் மோட்டார் முழுகியபோது அப்பா கையிலிருந்த கட்டைத் தாமாகவே கீழே விட்டார்.

மறுநாள் நீர் வடிந்திருந்தது. சுவர் நான்கிலும் பழுப்பு நிறத்தில் ஒரே நேர்க்கோடு. அருகில் போய் நின்றேன். என் மார்பு வரை வந்தது.

மாமா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் வந்தார். வந்தவர் சொன்னது ஒன்றுதான். “மாப்ள, ஒண்ணையும் தொடாதீங்க. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நஷ்டத்தப் பாக்கற வரைக்கும் எல்லாம் இப்படியே இருக்கணும். கோடு, சேறு, அட்டை, மிஷின், எல்லாம்.”

“எப்ப வருவாரு?”

“எழுதிக் குடுத்தாச்சு. ஊரெல்லாம் தண்ணி. வருவாரு.”

ஆகவே காத்திருந்தோம். ஈர அட்டை முதலில் புளித்தது, பிறகு அழுகியது. நாற்றம் படியேறி வீட்டுக்குள் வந்து எங்களோடு சாப்பிட உட்கார்ந்தது. கொசு மொய்த்தது. ஒட்டும் அக்காக்கள் தினமும் வந்து வாசலில் நின்று, “ணா, இன்னிக்காவது கழுவலாமா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். சர்வேயர் வரவில்லை. ஆயுத பூஜை நெருங்கியது.

பெங்களூரில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு அந்த நாள் எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். திருப்புளியிலிருந்து லாரி வரை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்பார்கள். ஒவ்வொரு மிஷினும் அன்று ஒருமுறையாவது ஓடி நிற்க வேண்டும். ஓடாத மிஷின் அடுத்த ஆண்டு முழுவதும் ஓடாது என்பது நம்பிக்கை. அன்று வாடிக்கையாளர்கள் வருவார்கள், பொரியும் கடலையும் வாங்கிக்கொள்வார்கள், போகும்போது தீபாவளி ஆர்டரை உறுதி செய்வார்கள். எங்களுக்குப் பாதி வேலை கொடுத்துவந்த இனிப்புக் கடை முதலாளி ஒரு பூஜையைக்கூடத் தவறவிட்டதில்லை.

அப்பாவும் அம்மாவும் அதைப் பற்றிப் பேசியது சமையலறையில்.

“ஆயுத பூஜைக்கு மிஷின சேத்தோட வெச்சுப் பொட்டு வெக்கறதா?” என்றாள் அம்மா.

“உங்க அண்ணன்தானே தொடாதேன்னாரு.”

“அவரு ஏஜெண்டு. பொரி வாங்க வரப்போறது அவரில்லையே. அந்த முதலாளி வந்து இந்த நாத்தத்துல நிப்பாரா? நின்னாத்தான் நமக்கு ஆர்டர் குடுப்பாரா? ஏங்க, வந்து பாக்கறவருக்குக் கண்ணு இருக்காதா? நம்ம தெருவே முழுகினது ஊருக்கே தெரியும்.”

“போட்டோவாவது எடுத்து வெச்சுக்கலாம்” என்றார் அப்பா.

அம்மாவுக்கு அது அபசகுனமாகப் பட்டது. “கெட்டுப்போனத யாராவது போட்டோ புடிச்சு வெப்பாங்களா? கல்யாணமா நடந்துருக்குது?”

இதைக் கேட்டு இன்று யாரும் சிரிக்கலாம். நான் சிரிக்கமாட்டேன். ஒரு பக்கம், சேற்றை அப்படியே வைத்திருந்தால் மட்டுமே நம்புகிற ஒருவர். மறுபக்கம், சேற்றைத் துடைத்திருந்தால் மட்டுமே நம்புகிற இன்னொருவர். இரண்டு பேருடைய நம்பிக்கையும் எங்களுக்கு வேண்டியிருந்தது. இருந்ததோ ஒரே அறை. இருவரில் வருவார் என்று உறுதியாகத் தெரிந்தவருக்காக அவர்கள் அறையைத் தயார் செய்தார்கள்.

குஜரிக்காரர், அதாவது பழைய சாமான் எடுப்பவர், வண்டியோடு வந்து அழுகிய அட்டை முழுவதையும் அள்ளிப் போனார். மோட்டார் வைண்டிங் கடைக்குப் போய்ப் புதுச் செம்புக் கம்பியோடு திரும்பியது. அக்காக்கள் தரையைப் பினாயில் ஊற்றித் தேய்த்தார்கள். அப்பா சுண்ணாம்பைக் கரைத்துத் தாமே அடித்தார். முதல் பூச்சில் பழுப்புக் கோடு மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. அம்மா இன்னொரு பூச்சு அடிக்கச் சொன்னாள்.

பூஜையன்று மிஷின் ஓடியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது, பூசணிக்காய் வாசலில் சிதறியது. இனிப்புக் கடை முதலாளியும் வந்தார். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். “பரவால்ல, சீக்கிரம் எழுந்துட்டீங்க” என்றார். ஆர்டரில் பாதியைக் கொடுத்தார். மீதியை, மழைக்கு அஞ்சி, மேட்டில் இருக்கிற இன்னொருவருக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தார். அந்தப் பாதிக்கு அட்டை வாங்கவே இன்சூரன்ஸ் தொகை வந்தாக வேண்டும் என்ற நிலை.

விடுமுறையெல்லாம் முடிந்த பிறகு சர்வேயர் வந்தார். அவருடைய ஸ்கூட்டரின் கைப்பிடியில் இரண்டு வாழைக்கன்றுகள் வாடித் தொங்கின. முன் விளக்கில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. அவரும் கழுவிப் பூஜை செய்தவர்தான். கன்னடக்காரர், அப்பா கன்னடத்தில் தொடங்கியபோதும் மரியாதைக்காகத் தமிழிலேயே பேசினார்.

உள்ளே வந்து நான்கு சுவரையும் பார்த்தார். மிஷினைச் சுற்றி வந்தார். மோட்டார் மேல் இருந்த பொட்டைப் பார்த்துச் சற்று நின்றார்.

“ஸ்டாக் எல்லி... எங்க சார்? நனைஞ்ச அட்டை?”

“குஜரிக்குப் போட்டாச்சு சார். நாத்தம் தாங்கல.”

“மோட்டாரோட பழைய காயில்?”

“வைண்டிங் கடையில எடுத்துக்கிட்டாங்க.”

“தண்ணி எவ்ளோ தூரம் வந்துச்சு?”

அப்பா சுவரில் ஓரிடத்தைக் காட்டினார். கை தயங்கி, சற்று மேலே போயிற்று. வெண்மையில் ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் வேறுபாடு இல்லை. உதவ வேண்டும் என்று தோன்றியதால் நான் ஓடிப்போய்ச் சுவரோடு முதுகை ஒட்டி நின்று, என் மார்பில் கையை வைத்துக் காட்டினேன்.

“இவ்ளோ, அங்கிள்!”

அவர் என்னைப் பார்த்தார். அளவு நாடா அவர் பையிலேயே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: “நான் நம்பறேன் சார். எங்க வீட்லயும் இதத்தான் செஞ்சிருப்பாங்க. ஆனா நம்பினத எழுத முடியாது. பாத்ததத்தான் எழுதணும்.”

பிறகு மறுபடியும் அறையைச் சுற்றிப் பார்த்து, “ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்க” என்றார்.

அதற்குப் பிறகு நடந்தவை விரைவாகவே நடந்தன. வந்த தொகை வைண்டிங் கூலிக்குக்கூடப் போதவில்லை. தீபாவளிக்குப் பின் அக்காக்கள் வருவது நின்றது. பொங்கலுக்குள் மிஷின் வேறு கைக்குப் போனது. அப்பா பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலைக்கு, விடியும் முன்பே பஸ் பிடித்துப் போகத் தொடங்கினார். வெள்ளத்தைப் பற்றி அவர் பிறகு கேலி பேசியதில்லை. சில ஆண்டுகளில் வெள்ளம் மறுபடியும் வந்தது, முன்னிலும் உயரமாக. அப்போது அந்தக் கீழ்த்தளத்தில் ஒரு மரக்கடை இருந்தது. அதற்குள் தெருவே பாடம் படித்திருந்தது: நீர் வடிந்த பிறகும் ஒருவரும் துடைப்பத்தைத் தொடவில்லை. யாரோ வந்து பார்ப்பதற்காக எல்லாரும் வாரக்கணக்கில் சேற்றோடு குடியிருந்தார்கள். அம்மா மாடியிலிருந்து அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஆனால் அன்று எனக்கு இவை எதுவும் தெரியாது. அதிகாரி என்றால் சோதித்து மதிப்பெண் போடுபவர். எங்கள் பள்ளிக்கு வரும் இன்ஸ்பெக்டரும் அப்படித்தான் சுவரைப் பார்த்து, தரையைப் பார்த்து, பாராட்டிவிட்டுப் போவார். அப்பா ஏன் படியில் உட்கார்ந்துவிட்டார் என்று யோசிக்கவும் எனக்கு நேரமில்லை. அவரைத் தாண்டிக்கொண்டு மேலே ஓடினேன். அம்மா அதிகாரிக்காக நல்ல டம்ளரில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நாம பாஸ்! ரொம்ப நீட்டா இருக்குதுன்னு சொல்லிட்டாரு!”

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். காபியை எடுத்துக்கொண்டு அவள் கீழே போகவே இல்லை. அது ஏன் என்று புரியாமல், ஆறிப்போன அந்தக் காபியை நான் குடித்தேன்.