மூடியின் உள்விளிம்பு

அத்தானை எனக்குப் பிடிக்காது. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் தெற்கே கடையை எரியக் கொடுத்துவிட்டு நாரந்தனைக்கு வந்தவர், பழைய பிளாஸ்டிக் வாளி, பேசின்களை உருக்கிப் போத்தல் மூடி வார்க்கலாமென்று கொட்டிலில் கையால் அழுத்துகிற மெஷின் ஒன்றை வைத்தார். வார்ப்பச்சு வேலை தெரிந்தவன் நான். கொழும்பில் அதுதான் செய்தேன். அக்காவின் சோற்றையும் அவருடைய ஏச்சையும் ஒரே கோப்பையில் தின்றேன்.

மண்ணெண்ணெய்ப் போத்தலுக்கான மூடி. உள்ளே சுற்றிவர ஒரு விளிம்பு. போத்தலின் கழுத்தைப் பிடிப்பது அதுதான். அச்சையும் அது பிடிக்கும். ஆற ஆறப் பிளாஸ்டிக் சுருங்கி, மூடியின் உட்புறத்தை வார்க்கும் உள்ளச்சைக் கட்டிக்கொண்டு விடாது. அதனால் விளிம்பை உருட்டையாக, இருபுறமும் சரிவாக வைத்தேன். வெளியச்சை முதலில் கழற்றி, இளஞ்சூட்டில், மூடியின் வாய்வட்டம் முழுவதையும் வளையத்தால் தள்ளினால், கொஞ்சம் விரிந்து வழுகி வரும். நடுவில் குத்தினால் உச்சி பிய்யும். இருந்தது ஒரேயொரு உள்ளச்சு. அது பழுதானால் வேலையுமில்லை, அந்த வீட்டில் எனக்கு இடமுமில்லை.

அத்தான் மூடியைப் போத்தலில் அழுத்திக் காதருகே பிடித்தார். கடைக்காரக் காது.

"என்ன காணும், சத்தத்தையே காணேல்லை? பொக்கை வாயால முறுக்குக் கடிச்ச மாதிரிக் கிடக்கு."

"ஒழுகாது, அத்தான்."

"சனம் கவிட்டுப் பாத்தே வாங்குது? டக்கெண்டு கேக்கவேணும்."

"விளிம்பைக் கூராக்கினால் அச்சில இருந்து கழராது."

"உமக்குக் கழட்ட ஏலாதெண்டு சொல்லும்."

அடுத்தநாள் நான் ஊர்காவற்றுறைக்குப் போய்த் திரும்புவதற்குள், உள்ளச்சில் விளிம்பை வார்க்கும் பள்ளத்தை அராவிச் சரிவைச் செங்குத்தாக்கியிருந்தார். மூடி கழரவில்லை. சூட்டோடு அடித்தார், வாய் இழுபட்டது. ஆறவிட்டு அடித்தார், வெடித்தது. பிறகு திருப்புளியைச் செருகி நெம்பினார். இரும்பு இரும்பைக் கிழிக்கும் அந்தச் சத்தம் இன்னும் என் கடைவாய்ப் பல்லுக்குள் இருக்கிறது.

"விடுங்கோ அத்தான், அச்சுப் போகுது."

"பொத்து வாயை! உன்ர அச்சே கோணல்."

நீர் நீயானது அப்போதுதான்.

நெம்பி நெம்பி ஒரு மூடி வந்தது. போத்தலில் அழுத்தினார். டக்! பட்டாசு தோற்கும். அக்காவைக் குசினியிலிருந்து கூப்பிட்டு, "கேட்டியே?" என்றார். பெருமை தாங்காமல் போத்தலைக் கவிழ்த்தும் காட்டினார். திருப்புளி கிழித்த இடத்தால் மண்ணெண்ணெய் அவருடைய வெள்ளை வேட்டியில் இறங்கியது. அக்கா துணிக்கு ஓடினாள். நான் நின்று பார்த்தேன். பார்க்க நன்றாக இருந்தது.

நான் பையைத் தூக்கியதும் கத்தினார்: "உள்ளச்சை வைச்சிட்டுப் போ! என்ர இரும்பு!"

இரும்பு அவருடையதுதான். என்னுடையது அந்தச் சரிவு மட்டும். அதைத்தான் தூளாக்கி ஊதிவிட்டாரே. எடுத்துப்போக ஒன்றுமில்லாமல், பக்கத்துப் புளியங்கூடல் வெயிலில் பஸ்ஸுக்கு நின்றேன்.