முசே கஸ்பார் காட்டிய புதுச்சேரி

ஓடிகொலோன் வாசனையும் சாக்கடை நாற்றமும் சேர்ந்து மூக்கில் ஏறுகிற ஒரு காலை நேரத்தைத்தான், சரித்திரம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்கிறேன். ஓடிகொலோன் முசே கஸ்பாரின் கைக்குட்டையிலிருந்து வரும். நாற்றம், ஊரை வெள்ளைக்காரர் பக்கம், நம்மவர் பக்கம் என்று இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடிய பெரிய வாய்க்காலிலிருந்து வரும். வாய்க்காலை நெருங்கும்போதே முசே மூக்கைப் பொத்திக்கொள்வார். அவர் பிறந்து வளர்ந்து குடியிருந்த வீடு என்னவோ நம்மவர் பக்கத்தில்தான் இருந்தது.

முப்பதுகளின் நடுவில் நான் கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தின் இலவச வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். வருஷத்துக்கு ஒருமுறை, ஜூலை மாதத்துப் பிரெஞ்சுத் திருவிழாவுக்கு முன்னால், பெண்பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகக் கைகோக்க வைத்து ஊரின் சரித்திரத்தைச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போவார்கள். அதற்கு 'புரொம்னாத்' என்று பெயர். சுற்றிக்காட்டுகிறவர் முசே கஸ்பார். சர்க்கார் ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்திலேயே வேட்டியை விட்டுக் கால்சட்டைக்கு மாறிய குடும்பம். தலையில் தக்கைத் தொப்பி, கையில் பிரம்பு, கழுத்தில் எந்த வெயிலிலும் அவிழாத டை. முசே என்றால் ஐயா என்றுதான் அர்த்தம், ஆனால் ஐயா என்று கூப்பிட்டால் மனிதர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அவர் காட்டிய புதுச்சேரியில் கவர்னர்களைத் தவிர வேறு யாரும் வாழ்ந்ததில்லை. கடற்கரைச் சிலை, கலங்கரை விளக்கம், 'மேரி' என்று நாங்கள் சொன்ன நகராட்சிக் கட்டடம் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நிறுத்தி, இதை இன்ன கவர்னர் கட்டினார், அதை இன்ன கவர்னர் கட்டினார் என்று பிரம்பை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டே போவார். எந்தக் கவர்னரும் சுண்ணாம்புச் சட்டியைத் தலையில் தூக்கியதாக எனக்குத் தோன்றவில்லை. வடக்கே வைத்திக்குப்பத்துக் கட்டுமரங்கள் கரையேறி, மீனுக்கு விலை பேசுகிற கூச்சல் காற்றில் வரும், முசே அந்தத் திசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "சிலான்ஸ்!" என்று எங்களை அதட்டுவார். நாங்கள் மூச்சுக்கூட விட்டிருக்க மாட்டோம்.

என் அக்கா பிலோமினாவும் அதே பள்ளியில், மேல் வகுப்பில் இருந்தாள். எங்கள் அப்பா மில்லில் நூல் மூட்டை சுமந்தவர். பிரெஞ்சைப் பொறுத்தவரை அக்காவுக்கு நிகராகப் பள்ளியில் ஒருத்தி கிடையாது. தலைமைக் கன்னியர், நாங்கள் 'மா சேர்' என்று கூப்பிடுகிறவர், அதை அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். அந்த வருஷம் பெரிய அதிகாரி ஒருவரின் மனைவியான மதாம் ஒருத்தி எங்களோடு சுற்றிப் பார்க்க வருவதாகவும், ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெண் அந்த இடத்தின் சரித்திரத்தை ஒப்பிக்க வேண்டும் என்றும், மதாமுக்கு எவள் பேச்சு பிடிக்கிறதோ அவளுக்கு உண்டு உறைவிடத்தோடு வாத்திச்சி படிப்பில் ஓர் இடம் என்றும் மா சேர் அறிவித்தார். அந்த இடம் கிடைத்தால் அக்கா வாத்திச்சி. கிடைக்காவிட்டால் மில்லில் நூல் சுற்றப் போக வேண்டும். அப்பா ஏற்கெனவே மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருந்தார்.

அக்காவுக்கு ஒப்பிக்கக் கிடைத்தது கடைசி இடம், வாய்க்காலுக்கு மேற்கே இருந்த கிறிஸ்தவக் கோயில். பெயரைச் சொல்ல மாட்டேன்; அங்கே இப்போதும் நல்லவர்கள் பூசைக்குப் போகிறார்கள். ஒப்பிக்க வேண்டியதை முசேயே எழுதிக் கொடுத்திருந்தார். இங்கிலீஷ்காரன் இடித்த கோயிலைப் பிரான்சு மறுபடி எழுப்பியது, இந்தக் கூரையின் கீழ் ஏழையும் பணக்காரனும் தோளோடு தோளாக முழங்காலிட்டார்கள், பிரான்சு தன் பிள்ளைகளிடம் பேதம் பார்ப்பதில்லை என்று போகும் அது. அக்கா அதைப் பாத்திரம் தேய்க்கும்போது சொல்வாள், எனக்குத் தலை வாரும்போது சொல்வாள். பிரெஞ்சு தெரியாத அம்மாவுக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.

அன்றைய நடையில் சாதிக் கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளைகள் வரிசையின் முன்னால், சேரிக் கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளைகளான நாங்கள் பின்னால். இதை யாரும் சொல்லித் தரவில்லை, தலை வாரிக்கொள்வதுபோல் அதுவும் பழகிப்போயிருந்தது. சிலையடியில் ஒப்பித்தவள் ரொசாலி, கோயில் கமிட்டிக்காரர் ஒருவரின் மகள். நடுவில் மறந்துபோய்க் கழுத்துச் சங்கிலியைக் கடித்தாள். அதற்கும் மதாம் கைதட்டினாள், அந்த அம்மாளுக்கு எல்லாமே அழகாயிருந்தது.

மற்ற வருஷங்களில் கோயில் வாசலிலேயே நின்று பேசி முடித்துவிடுவார்கள். அன்று வெயில் மதாமுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வண்ணக் கண்ணாடிகளையும் பார்க்க வேண்டும் என்றாள். முசே தொப்பியைக் கழற்றி, குனிந்து, எல்லாரையும் உள்ளே விட்டார். அவ்வளவுதான். வாசல் தீர்த்தத்தைத் தொட்டுச் சிலுவை போட்டதும் எங்கள் கால்கள் தாமாகவே நடந்தன. ரொசாலியும் அவளைச் சேர்ந்தவர்களும் நேரே நடுவுக்குப் போய் முழங்காலிட்டு எழுந்தார்கள். நாங்கள் இடதுபுறத்து ஓரத்துக்குப் போய் முழங்காலிட்டு எழுந்தோம். ஒரு காலத்தில் இரண்டுக்கும் நடுவே சுவரே இருந்ததாம். சுவரை இடித்த பிறகும் அது இருந்த கோட்டை எங்களில் யாரும் தாண்டியதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அப்பா அக்காவிடம், "கோயில்ல நம்ம பக்கம் எதுன்னு ஒனக்குத் தெரியும். எவன் கூப்ட்டாலும் நடுவுல போயி நின்னுடாத" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

முசே வெலவெலத்துப் போனார். இருபது வருஷமாகச் சமத்துவத்தை வாசலில் நின்று விளக்கிய மேதைக்கு, உள்ளே போனால் என்ன நடக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஏன் இரண்டாகப் பிரிந்து போனார்கள் என்று மதாம் கேட்டாள். "உயரப்படி நிற்கிறார்கள், மதாம்" என்றார் முசே. எங்கள் பக்கத்தில் பள்ளியிலேயே நெட்டையான அக்காவும், அவள் இடுப்புக்கு வந்த நானும் அடுத்தடுத்து நின்றுகொண்டிருந்தோம். மதாம் தலையாட்டிக்கொண்டாள். கண்ணிருந்தும் இப்படிப்பட்ட பதிலை விழுங்குகிறவர்கள்தாம் எங்களை ஆண்டார்கள்.

ஒப்பிக்கிறவள் பீடத்தின் முன்னால், நடுவில் நிற்க வேண்டும். முசே அக்காவைப் பார்த்தார். அக்கா கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். பீடத்தருகே மெழுகுவத்தி மாற்றிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை வேண்டாமென்று தலையை ஆட்டினார். ரொசாலியின் அப்பா காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று முசேக்குத் தெரியாதா? மா சேர் என்ன செய்கிறார் என்று பார்த்தேன். அந்தப் புண்ணியவதி ஜபமாலையை உருட்டியபடி வண்ணக் கண்ணாடியை ரசித்துக்கொண்டிருந்தார். முசே மதாமிடம் அந்தப் பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டு, ரொசாலியைப் பீடத்தின் முன் தள்ளினார்.

ரொசாலிக்கு அந்தப் பாடம் தெரியாது. "இந்தக் கோயில்..." என்று தொடங்கி விழித்தாள். அப்போதுதான் ஓரத்திலிருந்து அக்காவின் குரல் எழுந்தது. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, ஒரு சொல் விடாமல், தோளோடு தோள் என்ற இடத்தில் குரலை இன்னும் உயர்த்தி, முழுவதையும் சொன்னாள். கோயில் முழுக்க அது முழங்கிற்று. எனக்கு வந்தது பெருமையா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, இரண்டும்தான்.

மதாம் கையுறையோடு கைதட்டினாள். தொண்டை கட்டவில்லையே, முன்னால் வா பெண்ணே என்று கையை நீட்டினாள். அக்கா அசையவில்லை. நல்ல பிரெஞ்சில், மரியாதையாக, "அங்கே நான் வரக்கூடாது, மதாம். எங்களுக்கு விட்ட இடம் இதுதான்" என்றாள்.

முசே முந்திக்கொண்டார். "அது இந்த ஊர் வழக்கம், மதாம். அவர்களுக்கே அதுதான் பிடிக்கும்."

"ஓ, வழக்கமா?" என்றாள் மதாம். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கவே மாட்டேன். வழக்கம் என்று சொல்லிவிட்டால் பிரான்சுக்கு அங்கே வேலையில்லை. புறப்படும்போது அக்காவின் கையில் ஒரு சின்ன மாதா படத்தைக் கொடுத்துக் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். இடம் ரொசாலிக்குப் போயிற்று. அக்கா பெரியவர்களை அவமானப்படுத்திவிட்டாள் என்று மா சேர் எல்லார் முன்னாலும் சொன்னார்.

வீட்டில் அம்மா தலையிலடித்துக்கொண்டாள். "வாய மூடிக்கினு இருந்திருந்தா வாத்திச்சி ஆயிருப்பியேடி!"

"எங்க ஆயிருப்பா?" என்றார் அப்பா. "மூடிக்கினு இருந்தா தொண்ட கட்டிப்போச்சும்பான். நடுவுல போயி நின்னா சேரியக் கொளுத்துவான். பிலோமினா, நீ சொன்னது சரிதான் புள்ள, சாப்புடு." அடுத்த வாரமே அவளை மில்லுக்குக் கூட்டிப்போனார்.

இப்போதும் புரொம்னாத் நடக்கிறது, 'ஹெரிடேஜ் வாக்' என்று பெயரை மாற்றிவிட்டார்கள். கவர்னர்கள் போய்விட்டார்கள், மில் சங்கு நின்றுவிட்டது, மா சேரின் இலவச வகுப்பு இல்லை, கோயிலில் நடு, ஓரம் என்ற பேச்சும் இல்லை. தரைக்குப் புதுக்கல் பதித்தாயிற்று. போன மாதம் ஒரு கல்லூரிக் கூட்டம் அந்தக் கோயிலுக்குள் வந்தது. கூட்டிவந்த இளைஞன் கண்ணாடியின் வயதையும் கோபுரத்தின் உயரத்தையும் சொன்னான், அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. நடந்து களைத்த ஒரு பெண், "எங்க வேணா உக்காரலாமா அண்ணா?" என்று கேட்டாள். "எங்க வேணா உக்காரும்மா, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றான். அவள் நடுவில், முதல் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.

வழக்கம் ஒழிந்த பிறகும் என் அக்கா அங்கே உட்கார்ந்ததில்லை. "அவனுங்க விட்டுக் குடுத்து நான் குந்தணுமா?" என்று ஓரத்திலேயே பூசை பார்த்துவிட்டு வருவாள். அவள் நடுவுக்கு வந்தது ஒரே ஒருமுறைதான். அந்தப் பெண் கால் நீட்டியிருந்தாளே, அதற்கு நேர் முன்னால், அக்காவின் சவப்பெட்டியை இறக்கி வைத்தோம். வேண்டாமென்று தலையாட்ட அன்றைக்கு அங்கே யாரும் இல்லை.