முறத்தில் ஒரு முகம்

தருமபுரியிலிருந்து தொப்பூர்க் கணவாய் வரைக்கும் சாலையின் இரு பக்கமும் நான் எழுப்பிய கட்டடங்கள் நிற்கின்றன. எத்தனை என்று மற்றவர்கள்தான் எண்ணிச் சொல்கிறார்கள், நான் எண்ணியதில்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் பட்டம் வாங்கிய இன்ஜினியர்கள் என் சுவரில் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் காணாமல் காரில் ஏறிப் போயிருக்கிறார்கள். முதல் கல் வைக்கும்போதே கடைசிக் கல் எங்கே உட்காரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் புத்தி யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல. ஒன்பது வயதிலேயே எனக்கு அது இருந்தது. இருந்ததால் என்ன நடந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊரிலிருந்து கடத்தூர் சந்தைக்கு நடந்து போய், வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். எனக்குப் பத்து வயது மூத்த அண்ணன் ஒருவன் இருந்தான். ஜப்பான் சண்டைக்கு ஆள் எடுத்தபோது வீட்டில் சொல்லாமல் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். அம்மா மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நாலாம் நாள் வறுத்த நிலக்கடலையைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு, மொரப்பூர் ரயிலடி வரைக்கும் அவனோடு நடந்தாள். எனக்கு அப்போது ஆறு வயது. ஒரு வருசம் கடிதம் வந்தது. மழை, காடு, கொசு என்று யாரோ எழுதிக் கொடுத்த கையெழுத்து. அப்புறம் நின்றுவிட்டது. நின்று இரண்டு வருசம் ஆனபோது, சண்டை முடிந்துவிட்டது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்திருந்தார். அப்பா போய் அவரைப் பார்த்துவிட்டு வந்து, களியை உருட்டி வைத்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டார். அடுத்த அமாவாசைக்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

"தந்தி வந்துச்சா?" என்றாள் அம்மா.

"வல்ல."

"வல்லைல்ல. அப்பறம் என்னத்துக்குங்க அந்தப் பேச்சு?"

அதோடு அந்தப் பேச்சு நின்றது. பெரியம்மா வந்து கட்டிப் பிடித்து அழப் பார்த்தபோதுகூட, அம்மா அவள் கையை எடுத்துவிட்டு, "மாட்டுக்குத் தண்ணி காட்டோணும் அக்கா" என்று எழுந்து போனாள். இரண்டு வருசமாக எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை.

ஒரு நாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த அம்மா சட்டென்று கையை நிறுத்தினாள்.

"டேய், உங்கண்ணனுக்கு மச்சம் எந்தக் கன்னத்துல?"

இடது என்றேன் நான். வலது என்றார் உள்ளேயிருந்து அப்பா. அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அவனுடைய போட்டோ கிடையாது. அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டதும் இல்லை.

மறுநாள் சந்தையில் ஒரு புது முறம் வாங்கி வந்தாள். ஊற வைத்த காகிதத்தோடு வெந்தயத்தை அரைத்து, கூடைக்குப் பூசுகிற மாதிரியே அதற்கும் பூசிக் காய வைத்தாள். புடைப்பதற்கு இல்லை என்றாள். அண்ணனின் முகத்தை அதில் ஒட்டப் போகிறாளாம். படம் எழுத அவளுக்குத் தெரியாது. கிழித்து ஒட்டத் தெரியும்.

காகிதத்துக்குக் குறைவில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, கடத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். துணிக் கட்டுகளின் மேல் ராசா, ராணி, யானை, ரயில் என்று வண்ணச் சீட்டு ஒட்டி வரும். அவற்றைத் தண்ணீர் காட்டிப் பிரித்து மடியில் கட்டிக்கொண்டு வருவார். "எங்கக்கா மவனுக்கு ராசா மூக்கு வெக்கப் போவுது. வந்து பார்த்தான்னா இனிமே நம்மகூட எங்கே பேசுவான்" என்பார். அம்மா சிரிப்பாள். அவள் சிரித்த நாள்கள் அவைதான்.

அம்மா முதலில் ஒட்டிய முகம் ஒரு பக்கமாகச் சரிந்து, முறத்தை விட்டு இறங்கிப் போகிற மாதிரி இருந்தது. நான் சும்மா இருப்பேனா. புளியங்கொட்டைப் பசை காய்வதற்குள் எல்லாவற்றையும் உரித்துவிட்டேன். ஒரு கயிற்றால் என் முகத்தை அளந்தேன். நெற்றிக்கு இவ்வளவு, மூக்குக்கு இவ்வளவு, இரண்டு கண்ணுக்கும் நடுவே இன்னொரு கண் அளவு. அடுப்புக்கரியால் முறத்தில் கட்டம் போட்டேன். இன்றைக்கும் ஒரு வீட்டுக்குத் தரையில் சுண்ணாம்புக் கோடு போடும்போது அந்த முறம்தான் என் கைக்கு வரும்.

"நீ அளந்து வெய்யி. நான் பார்த்து வெக்கறேன்" என்றாள் அம்மா.

அப்படித்தான் ஒட்டினோம். என் கோடு இல்லாவிட்டால் அந்த முகம் நேராக நின்றிருக்காது. அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் கோட்டுக்குள் நான் வெட்டி வைத்ததெல்லாம் பலகை மாதிரி இருந்தது. கத்தரிக்கோலைப் பிடுங்கி வைத்துவிட்டு, சிப்பம் கட்டுகிற பழுப்புக் காகிதத்தை அம்மா கையால் கிழித்தாள். கிழிந்த ஓரம் ஒன்றன்மேல் ஒன்று படிந்தபோது தோல் வந்துவிட்டது. மூக்கை என் கோட்டிலிருந்து ஒரு நெல் அளவு தள்ளி ஒட்டினாள். நான் சண்டைக்குப் போனேன்.

"அன்னிக்கி செவலைக் காளை முட்டுச்சே, மறந்துட்டியா? அதுலேருந்து அவன் மூக்கு அப்படித்தான்டா."

தள்ளி ஒட்டியதும் முறத்திலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தான். வீட்டுக்குள் வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டு, தலையில் இருந்த துண்டை எடுத்துவிட்டார். மச்சத்துக்கு அம்மா ஒரு பீடிக்கட்டுக் காகிதத்தின் கறுப்பைக் கிள்ளி, வலது கன்னத்தில் கொஞ்ச நேரம், இடது கன்னத்தில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்து, கடைசியில் இடதிலேயே ஒட்டினாள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

கண் மட்டும்தான் பாக்கி.

நான் சீட்டுகளிலிருந்து கண்களாக வெட்டிக் குவித்தேன். ராசா கண், வேடன் கண், பல்பொடிப் பொட்டலத்தில் சிரிக்கிற ஆளின் கண். அம்மா ஒவ்வொரு ஜோடியையும் வைப்பாள். அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். பிறகு சட்டென்று திரும்பிப் பார்ப்பாள். "இது அவன் இல்லடா" என்று எடுத்துவிடுவாள். ஒரு மாசம் போயிற்று, இரண்டு மாசம் போயிற்று. என்னால் தாங்க முடியவில்லை. கட்டத்தில் இரண்டு வெற்றிடம் விட்டுவிட்டு ஒரு வேலையை யாராவது நிறுத்துவார்களா? பல்பொடி ஆளின் கண் அளவுக்குக் கச்சிதமாக இருந்தது. நான் கயிறு வைத்துப் பார்த்திருந்தேன்.

அந்த மாசம் முனியப்பன் கோயிலுக்கு மண் குதிரை கொண்டு போனார்கள். குதிரைக்கு எல்லா வண்ணமும் பூசியிருந்தது, கண் மட்டும் இல்லை. கோயில் வாசலில் இறக்கி வைத்து, மாலை போட்டு, கோழி அறுத்த பிறகுதான் செய்தவர் கண்ணை எழுதினார். எழுதியதும் குதிரைக்கு உயிர் வந்துவிட்டது. கூட்டமே கும்பிட்டது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நம் வீட்டில் கண் ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம், சடங்கு செய்யாததுதான். முறையாகக் கண் திறந்துவிட்டால் அண்ணன் வந்துவிடுவான். ஒன்பது வயதுக்கு அது நல்ல கணக்கு.

அடுத்த சந்தை நாள் அம்மா உப்பு வாங்கப் போனாள். அப்பா காட்டில் இருந்தார். நான் பெரியப்பா பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டேன். ஒருத்தி துலுக்கச் சாமந்தி பறித்து மாலை கட்டினாள். ஒருத்தன் கொட்டாங்கச்சியில் நெருப்பெடுத்து வந்தான். கோழிக்கு வழியில்லை, ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்தோம். முறத்தைச் சுவரில் சாய்த்து, மாலை போட்டு, விளக்கேற்றி, இலையில் களியும் மொச்சைக் குழம்பும் வைத்தேன். பல்பொடி ஆளின் கண் இரண்டையும் பசை தடவி, கோடு பிசகாமல் ஒட்டினேன். முகம் எங்களைப் பார்த்தது. பிள்ளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நான் சாய்த்தது தெற்குச் சுவரில். செத்தவர்களுக்கு எங்கள் வீட்டில் படையல் வைப்பது அந்தச் சுவரோரம்தான். அது எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. வெளிச்சம் அங்கேதான் விழுந்தது.

அம்மா நிலைப்படியில் வந்து நின்றாள். தலையில் கூடை. நான் ஓடிப் போய், "அம்மா, அண்ணனைப் பாரு" என்றேன். அவள் மாலையைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். கூடை விழுந்து உப்பு முழுக்க வாசலில் சிதறியது.

"எப்ப வந்த சாமி… எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வந்து உக்காந்துட்டியே சாமி…"

மார்பில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குரல் மூன்று தெரு தாண்டிக் கேட்டது. முதலில் பெரியம்மா ஓடி வந்தாள். "தந்தி வந்துடுச்சா?" என்று கேட்டாள். படத்தைப் பார்த்ததும் பதிலுக்கு நிற்கவில்லை. அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு அவளும் குரலெடுத்தாள். ஒவ்வொருத்தியாக வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொருத்தியின் தோளாகத் தொட்டு, "தந்தி வல்லீங்க, நான்தான் கண்ணு வெச்சேன்" என்று சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. ஒருத்தி என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அண்ணன் இல்லாத புள்ளையா ஆயிட்டியே கண்ணு" என்று அழுதாள்.

அப்பா காட்டிலிருந்து ஓடி வந்தார். வாசலில் சிதறிக் கிடந்த உப்பின் பக்கத்தில் குந்திக்கொண்டார். மாமா கடத்தூரிலிருந்து வந்து சேர்ந்தபோது பறைக்கு ஆள் சொல்லி அனுப்பியாகிவிட்டது. அவர்தான் என்னிடம் விவரம் கேட்டு, பெரியப்பாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பெத்தவளே அழுதுட்டா மாப்ள. இனி அவ கிட்டப் போயி அழாதேன்னு யாரு சொல்றது? ஆக வேண்டியதைப் பாருங்க."

இப்படித்தான் என் அண்ணன் செத்தான். சர்க்காரிலிருந்து ஒரு காகிதம் அடுத்த வருசம் வந்தது. அதில்கூடக் காணவில்லை என்றுதான் எழுதியிருந்ததாம்.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் படையல் போட முறத்தை எடுத்தார்கள். கண் இருந்த இடத்தில் ஈரம் காய்ந்த இரண்டு வெள்ளைத் தடம்தான் இருந்தது. அம்மா விரலில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுத்திருந்தாள். கண்ணில்லாமல் எப்படி வைப்பது என்று பெரியம்மா முணுமுணுத்தாள்.

"அது கெடக்கட்டும். சோத்தை வெய்யுங்க" என்றாள் அம்மா.

என்னை அவள் அடிக்கவில்லை, ஒரு சொல் சொல்லவும் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டாள், தலைக்கு எண்ணெய் வைத்தாள். அடித்திருந்தால் நான் ஊரிலேயே இருந்திருப்பேனோ என்னவோ. பதிமூன்று வயதில் பெங்களூருக்குக் கலவை தூக்கப் போய்விட்டேன். அதற்கப்புறம் நான் ஆளானது ஊருக்கே தெரியும்.

அம்மாவுக்குத் தளம் போட்ட வீடு கட்டிக் கொடுத்தேன். எங்கள் தெருவில் அதுதான் முதல் தளம். முறத்தை அவள் புது வீட்டுக்கும் கொண்டு வந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினாள். நல்ல ஓவியரைக் கூட்டி வருகிறேன், கண்ணோடு பெரிதாக எழுதிக் கொடுப்பார், எத்தனை ரூபாய் ஆனாலும் ஆகட்டும் என்று கேட்டேன்.

"அதுக்கென்னப்பா அவசரம்?" என்றாள்.

நான் சிரித்தேன். இருபத்தைந்து வருசம் கழித்து என்ன அவசரம் என்கிறாளே என்று, வேலையாட்களிடமும் சொல்லிச் சிரித்தேன்.

அவள் போன பிறகு, முறத்தைக் கழற்றியபோது பின்னால் ஒரு துணி முடிச்சு இருந்தது. பிரித்தேன். எல்லாம் கண்கள். துணிச் சீட்டுக் கண், காலண்டர்க் கண், தேர்தல் நோட்டீஸ் கண், என் பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலிருந்து கிழித்தது. ஜோடி ஜோடியாக நூல் சுற்றி வைத்திருந்தாள். கத்தரிக்கோல் பட்டது ஒன்றுமில்லை, எல்லாம் கையால் கிழித்தது. ஒன்றின் பின்னால்கூடப் பசை இல்லை.

பொருத்தமான கண் அகப்படாமல் அவள் திண்டாடுகிறாள் என்றுதான் ஒன்பது வயதில் நான் நினைத்தேன். அளந்து பார்த்து, அந்தக் குறையை நான் தீர்த்து வைத்தேன்.