மண்ணுக்கு மேலே மட்டும்

மார்லிஸ் ஐம்பது வயது வரை வாழ்ந்ததெல்லாம் சக்கரத்தின் மேல் நிற்கும் டிரெய்லர் வீட்டில்தான். அமெரிக்காவின் வயோமிங் மாநில எரிவாயு வயல்களில், கிணறு தோண்டத் தேவையான தண்ணீரைக் கொண்டுபோகும் லாரி ஓட்டினாள். வயலில் வேலை பெருகினால் வெளியூர் ஆட்கள் குவிந்து வீட்டு விலை ஏறிவிடும். வேலை படுத்தால் விலை இறங்கும், ஆனால் அப்போது அவளுக்குச் சம்பளம் இருக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு வருஷம், பைன்டேல் ஊருக்கு வெளியே பழைய மரவீடு ஒன்று கைக்கு எட்டுகிற விலையில் வந்தது.

வீடு பார்க்கப் போன அன்று அடுக்களை ஜன்னலில் விண்ட் ரிவர் மலை பனியோடு நின்றது. கணவன் வெர்ன் முதுகு வலி தாங்காமல் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"இதையே முடிச்சிடு. இன்னொரு வீட்டுப் படி ஏற என்னால ஆகாது."

தரகர் கானி ஒளிக்காமல் சொன்னாள். "வீடும் மண்ணும்தான் உங்களுது. மண்ணுக்கு அடியில இருக்கிற கேஸ் வேற ஆளுங்களுது. எப்ப வேணா தோண்ட வரலாம்."

"அப்ப நாங்க வெறும் தோலைத்தான் வாங்குறோம்."

"இங்க முக்கால்வாசிப் பேர் அப்படித்தான், மார்லிஸ்."

வாங்கினார்கள். இரண்டு குளிர்காலம் நிம்மதியாகக் கழிந்தது. பனி உருகியதும் சேறு அப்பிய பிக்கப் வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. கேஸ் கம்பெனி ஆள் இறங்கித் தொப்பியைக் கழற்றினான்.

"அம்மா, ஓடைக்கரையில ஒரு கேஸ் கிணறு போடறோம்." அவன் கை, ஜன்னலில் தெரியும் மலைக்கு நேர் கீழே காட்டியது.

கத்தலாம் என்று நினைத்தாள். அதற்கு வேண்டிய தெம்பு இல்லை. "அதுக்குத் தண்ணி கொண்டு வரப்போறதே நான்தான்" என்று சொல்லி, அவனை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்து, ஜன்னலுக்கு எதிரே உட்கார வைத்தாள்.

அவன் வெகுநேரம் மலையைப் பார்த்தான். "எங்க வீட்டு ஜன்னல்ல பெட்ரோல் பங்க்தான் தெரியும். கிணத்தை வீட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மேட்டுக்குப் பின்னாடி தள்ளச் சொல்லிப் பாக்கறேன். வாக்கெல்லாம் குடுக்க மாட்டேன்."

தள்ளித்தான் போட்டார்கள். மலை தப்பியது. ஆனால் அந்த மேடு படுக்கையறைப் பக்கம். கோடை முழுக்கக் கிணறு தோண்டும் எஞ்சின் அலறலில் சுவர் அதிர்ந்தது. மெத்தையை அடுக்களைக்கு இழுத்துப் போட்டார்கள்.

"ராஜா வீட்டுப் படுக்கை! கால் நீட்டினா அடுப்பு இடிக்குது" என்றான் வெர்ன்.

"மடக்கிக்கோ."

அவளுக்குச் சிரிக்கவும் அலுப்பு. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனாள்.