பேட்டரிக்கு வைத்த கணப்பு

1958-ம் வருஷம், தை மாதம். நான் பழனியிலிருந்து கல்யாணமாகிக் கொடைக்கானலுக்கு வந்த இரண்டாவது குளிர்காலம். அதனால் வருஷம் தப்பாமல் நினைவிருக்கிறது. கடைவீதியில் என் கணவர் பேட்டரி சார்ஜ் செய்யும் சிறு கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு.

அப்போது சுற்றுக் கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை. ரேடியோ பாடவும் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டவும் கார் பேட்டரிதான். தீர்ந்துபோனால் குதிரை முதுகிலோ தலைச்சுமையாகவோ எங்கள் கடைக்கு வரும்.

என் கணவர் தொழிலில் ரொம்பக் கவனமானவர். மின்சாரம் அளவுக்கு மேல் ஏறாமலிருக்க பேட்டரிகளோடு வரிசையாகப் பல்புகளைச் சேர்த்திருப்பார். கம்பி சூடானால் அறுந்துவிட ஃபியூஸ் உண்டு. பிளஸ், மைனஸ் மாறாமலிருக்கச் சிவப்பும் கறுப்புமாகத் துணி சுற்றியிருப்பார். சார்ஜ் ஏறும்போது உள்ளேயிருக்கும் திராவகம் குமிழியிட்டு ஒரு வாயு வரும். அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, ஆனால் நெருப்பைக் கண்டால் வெடிக்கும். அதனால் மூடிகளைக் கழற்றி வைத்து, எந்தக் குளிரிலும் கதவைத் திறந்தே போட்டிருப்பார். மற்றவர்களுக்கு அவர் சொல்வது ஒன்றுதான்: "உள்ள எதையும் தொடாதீங்க." ஏன் என்று சொன்னதில்லை.

அன்று காலை புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் உறைபனி. தைப்பூசத்துக்குக் காவடி கட்டுகிற சமயம். பள்ளங்கியிலிருந்து ஒரு விவசாயி ஒலிபெருக்கி பேட்டரிக்காக வந்து காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். உருளைக்கிழங்கும் பூண்டும் போடுகிறவர். அவரைக் கடையில் உட்காரச் சொல்லிவிட்டு, என் கணவர் தபாலாபீஸ் வரை போனார். நான் பின்னால் அடுப்படியில் இருந்தேன்.

அந்த மனிதர் தெருக்கதவைச் சாத்தியிருக்கிறார். எதிர் டீக்கடையில் ஒரு கணப்புச் சட்டியில் கரி நெருப்பு வாங்கிவந்து பேட்டரி மேஜைக்குக் கீழே வைத்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் கேட்டது, திரும்பிவந்து கதவைத் திறந்த என் கணவரின் அலறலைத்தான்.

"நெருப்ப எடுங்கண்ணே! வெரசா!"

என் கணவர் சுவிட்சை அணைக்க மேஜைக்கு மேல் எட்டினார். விவசாயி பதறிச் சட்டியைத் தூக்கினார். கரி சரிந்து பொறி பறந்தது. அடுத்த கணம் மேஜையே பிளந்ததுபோல ஒரு சத்தம். நான் ஓடிவந்தபோது என் கணவர் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டிருந்தார். விரலிடுக்கில் திராவகம் ஒழுகிக்கொண்டிருந்தது.

யாரோ விளக்கெண்ணெயோடு ஓடிவந்தார். அவரைத் தள்ளிவிட்டு, அந்தப் பள்ளங்கிக்காரர் என் கணவரைத் தூக்கிப்போய் வாசல் தண்ணீர்த் தொட்டியருகே சாய்த்தார்.

"எண்ணெ வேணாந் தாயி. தண்ணி... தண்ணி கொண்டா! மயில்துத்தம் தெறிச்சா நாங்க இப்பிடித்தான் செய்வோம். தம்பி, எரிஞ்சாலும் கண்ணத் தொறங்க. தொறங்கங்கிறேன்!"

உருளைக்கிழங்குச் செடிக்கு அவர்கள் அடிக்கும் மயில்துத்த மருந்து கண்ணில் பட்டால் செய்வதைத்தான் செய்தார். இமைகளை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டார். நான் ஊற்றினேன். பக்கத்து ஜவுளிக்கடை பாய் வீட்டிலிருந்து குடம் குடமாக வந்தது. பனித் தண்ணீர். என் கணவரின் பல் கிட்டியது. பள்ளங்கிக்காரர் பிடியை விடவில்லை.

"ஏலே, வெடியையும் வச்சுப்புட்டு வைத்தியமும் பாக்குறியா?" என்று டீக்கடைக்காரர் கத்தினார். நெருப்புக் கொடுத்தவரே அவர்தான். கூட்டத்தில் ஒருவர் அடிக்கக் கையை ஓங்கினார். பள்ளங்கிக்காரர் நிமிரவேயில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், தண்ணீர் விட்டது நல்லது என்றார். பார்வை திரும்புமா என்று கேட்டேன். கட்டு அவிழ்த்தால்தான் தெரியும் என்றார். இரண்டு கண்ணையும் கட்டி, என் கணவரைப் படுக்கவைத்தார்கள். அந்த விவசாயி ஊருக்குப் போகவில்லை. வராந்தாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கஞ்சி எடுத்துக்கொண்டு அவரைக் கடந்து போவேன், வருவேன்.

என் கணவர்தான், "அந்த அண்ணன் இருக்காரா? கூப்பிடு" என்றார். விவசாயி வந்து கட்டில் ஓரத்தில் நின்றார்.

"எதுக்குண்ணே நெருப்பு வச்சீங்க?"

"பனி விழுகுதுல்ல தம்பி. பூண்டு ஈரங்கோத்துச்சுன்னா வீட்டுக்குள்ள கட்டித் தொங்கவிட்டு, கதவச் சாத்தி நெருப்பு மூட்டம் போடுவோம். இதுவும் குளுந்து கெடக்கு, குமிழி குமிழியா விடுது. சூடு பட்டா சீக்கிரம் ஏறும்னு..."

கண்கட்டோடு என் கணவர் மெல்லச் சிரித்தார். "பேட்டரியப் பூண்டாக்கிட்டீங்களே!" பிறகு குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அண்ணே, அதுகிட்ட நெருப்பு ஆகாதுன்னு நான் உங்ககிட்டச் சொன்னேனா?"

"சொல்லல தம்பி."

"அப்ப விடுங்க. சோறு தின்னீங்களா?"

அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். நான் மீதமிருந்த கஞ்சியை ஊற்றி அவர் கையில் கொடுத்தேன்.

சில நாள் கழித்துக் கட்டு அவிழ்த்தார்கள். வலது கண் தெரிந்தது. இடது கண்ணில் பூ விழுந்து பார்வை போயிருந்தது. அது திரும்பவேயில்லை.

கடைக்குத் திரும்பியதும் என் கணவர் முதலில் மேற்கூரையை ஒட்டி இரண்டு பெரிய துவாரங்கள் போடச் செய்தார். அதன்பிறகு பேட்டரியோடு யார் வந்தாலும் நிறுத்திவைத்து, அந்த வாயுவைப் பற்றியும், பீடி, கணப்பு, தீக்குச்சி எதுவும் ஏன் ஆகாது என்பதைப் பற்றியும் சொல்லுவார். மாதாமாதம் வருகிறவர்கள், "போன தடவையே சொல்லிட்டீங்க சாமி" என்று கேலி செய்வார்கள். "இன்னொருக்கா கேட்டா காது தேயாது" என்பார்.

மின்சாரத்துக்கு எத்தனையோ காவல் போட்டிருந்த மனிதர், பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வாக்கியம் சொல்லாமல் விட்டிருந்தார். அதை அவரே கண்டுகொண்டார். தன் கண்ணுக்குப் பார்வை மிஞ்சுமா என்று தெரியாத இருட்டில் படுத்திருந்தபோதே அவர் 'நான் சொன்னேனா' என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதை நினைக்கும்போது, யார்மேலாவது குற்றம் சொல்ல என் நாக்கு எழுந்தால் இன்றும் அது தயங்கி நின்றுவிடுகிறது.