செங்கத்துக்கு நடந்து வந்த மெயில் சர்வர்

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு காலையில் காபியோடு உட்கார்ந்து மெயிலைத் திறந்தேன். திறக்கவில்லை. 'விதிகளை மீறியதால் உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி. எந்த விதி? சொல்லவில்லை. யாரிடம் கேட்பது? அதையும் சொல்லவில்லை. 'மேல்முறையீடு' என்று ஒரு பட்டன் மட்டும் இருந்தது. அழுத்தினேன். இரண்டே நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. தீர விசாரித்துவிட்டார்களாம்... முடக்கம் தொடருமாம்.

பதினாறு வருடக் கடிதங்கள். நீங்கள் எழுதியவை, நான் எழுதாமல் விட்ட பதில்கள், மகளின் கல்யாணப் பத்திரிகைக்குப் போட்ட வரைவுகள் — எல்லாம் உள்ளே. நான் மட்டும் வெளியே.

அந்தப் புலம்பலை இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். நிறையப் பேர் பத்திரிகை அலுவலகத்துக்கு ஃபோன் செய்து ஆறுதல் சொன்னீர்கள். ஒருவர் மட்டும் ஆறுதல் சொல்லவில்லை. இன்லாண்ட் லெட்டரில் நாலே வரி எழுதியிருந்தார்.

'ஐயா, எங்கள் மலையில் நானே ஒரு மெயில் சர்வர் நடத்துகிறேன். நாற்பத்தோரு பேருக்குப் பெட்டி இருக்கிறது. உங்களுக்கும் ஒன்று தரலாம். ஆனால் நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். — செல்வராணி, ஜவ்வாது மலை.'

மெயில் சர்வர் என்பது நமக்கு வரும் மெயில்கள் எல்லாம் வந்து தங்குகிற கம்ப்யூட்டர். அதைப் பெரிய கம்பெனிகள் ஏசி போட்ட கட்டடங்களில் வைத்து, ஆயிரம் பேரைக் காவலுக்குப் போட்டுப் பார்த்துக்கொள்கின்றன என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மலை கிராமத்தில், ஒரே ஆள், வீட்டில் வைத்து நடத்துவதா? நான் நம்பவில்லை. நம்பாததால்தான் கிளம்பினேன்.

வியாழக்கிழமை. வேலூரிலிருந்து கணியம்பாடி, அமிர்தி வழியாக ஜமுனாமரத்தூர் வரை பஸ். அங்கே செல்வராணியின் கணவர் வேலு பைக்கோடு காத்திருந்தார். சாமைக் கொல்லைகளுக்கு நடுவே அரை மணி நேரம் போனோம். வழியெல்லாம் வானம் கறுத்துக்கொண்டே வந்தது.

"வாங்க சார். வூடு சின்னதுதான், பாத்து குனிஞ்சு வாங்க," என்றார் செல்வராணி. முப்பத்தெட்டு வயதிருக்கும். கையில் புளி ஒட்டியிருந்தது.

"சர்வர் எங்கம்மா?"

அலமாரியைக் காட்டினார். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. பக்கத்தில் ஒரு பாட்டரி. அதிலிருந்து ஓர் ஒயர் கூரைமேல் இருந்த சோலார் பேனலுக்குப் போனது. அவ்வளவுதான்.

"இன்னா சார், ஏமாந்துட்டீங்களா?"

உண்மையில், கொஞ்சம்.

செல்வராணி இந்த மலையில் பிறந்தவர். கல்லூரி முடித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் எட்டு வருடம் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவர். விவசாயம் பார்க்கும் வேலுவைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது, ஊரில் விசித்திரமான ஒன்றைக் கவனித்திருக்கிறார்.

"இப்ப எதுக்குப் போனாலும் மெயில் ஐடி கேக்கறாங்க இல்ல சார்? எங்க ஊர்ல பாதிப் பேருக்கு ஐடி இருந்துச்சு. ஆனா பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அது கீழ டவுன்ல ஒரு பிரௌசிங் சென்டர்காரரு நோட்டுல இருந்துச்சு. அவருதான் ஐடி போட்டுக் குடுப்பாரு, அவரு ஃபோன் நம்பரையே குடுத்து. ஒரு நாள் கடைய மூடிட்டுப் போய்ட்டாரு. அத்தோட எல்லாருக்கும் வந்த லெட்டரும் போச்சு."

காலேஜிலிருந்து வந்த அழைப்பு, வேலைக்கான தேர்வு நுழைவுச்சீட்டு, எல்லாமே யாரும் திறக்க முடியாத பெட்டிகளுக்குள் கிடந்தன. எனக்குச் சுருக்கென்றது. ஒரு பெட்டி பூட்டிக்கொண்டதற்கே நான் ஒரு பக்கம் அழுது எழுதினேன். இங்கே ஒரு ஊரே வெளியே நின்றிருக்கிறது. யார் எழுதினார்கள்?

செல்வராணி எழுதவில்லை. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருளை ஒரு பழைய பெட்டியில் ஏற்றி உட்கார்ந்துவிட்டார்.

சர்வரை ஓட வைப்பது சுலபமாம். மற்றவர்களை நம்ப வைப்பதுதான் கஷ்டமாம். முன்பின் தெரியாத சின்ன சர்வரிலிருந்து வரும் மெயிலைப் பெரிய கம்பெனிகள் குப்பையில் தள்ளிவிடுகின்றன. ஒவ்வொரு மெயிலுக்கும் போலி செய்ய முடியாத ஒரு டிஜிட்டல் கையெழுத்து, முகவரிக்கு ஒரு சாட்சி, மாதக்கணக்கில் நன்னடத்தை... "நான் நெசமாவே நான்தான்னு நிரூபிக்க ஆறு மாசம் ஆச்சு சார்," என்றார், சாதாரணமாக.

அடுத்துக் கேட்டேன். "இங்க கரண்டு போகுமே, கேபிள் அறுந்துபோகுமே? அப்ப வர்ற மெயில் என்ன ஆகும்?"

"சென்னையில ஒரு சின்ன கம்ப்யூட்டரு வாடகைக்கு எடுத்து வெச்சிருக்கேன். அது வாசல் மாதிரி. வர்ற லெட்டர வாங்கி, மூட்டையா கட்டி வெச்சிக்கும். இந்தப் பொட்டி எங்கேர்ந்து கூப்டாலும் குடுத்துடும். அந்த வாசலே இல்லன்னாலும் பயமில்ல. அனுப்பறவங்க சர்வரு கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி வரும். அப்பவும் ஆள் இல்லன்னா மறுபடி. நாலஞ்சு நாள் வரைக்கும் வந்து வந்து பாக்கும்."

"யார் அப்படிச் செய்யச் சொன்னது?"

"மொத மொதல்ல மெயில உண்டாக்குனவங்க. கதவு தெறக்கலன்னா லெட்டரத் தூக்கிப் போட்டுடாத, திரும்பப் போன்னு அப்பவே எழுதி வெச்சிருக்காங்க."

நான் முப்பது வருடமாக எழுத்தைப் பிழைப்பாகக் கொண்டவன். எத்தனையோ மெயில் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் இப்படியொரு பொறுமை ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அந்த மனிதர்களின் முகம் கூட நமக்குத் தெரியாது. அவர்கள் எழுதி வைத்த பொறுமை, ஜவ்வாது மலையில் ஓர் அலமாரியில் பச்சை விளக்காக மின்னிக்கொண்டிருந்தது.

நாற்பத்திரண்டாவது பெட்டி எனக்குக் கிடைத்தது. பாஸ்வேர்டு போடும்போது செல்வராணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்டது. அங்கேயே தங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கரண்டு இல்லை. செல்ஃபோன் டவர் படுத்துவிட்டது. கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்த வேலு சொன்னார்: "ரோட்டுல மூணு மரம் சாஞ்சு கெடக்குது. கேபிளும் அறுந்துடுச்சு. நாளைக்குள்ள சரியாவாது."

பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, பாட்டரியின் புண்ணியத்தில். ஆனால் பெட்டி யாரோடும் பேச முடியாது. நாளை, நாளன்றைக்கு எல்லாம் சரியாகிவிடும், மெயில்கள் பொறுத்திருக்கும் என்று நேற்றுத்தானே கேட்டேன்? நான் நிம்மதியாக இருந்தேன். செல்வராணி இல்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி நின்றார்.

"ரேவதிக்கு இன்னைக்கு அஞ்சு மணி சார்."

ரேவதி பக்கத்து ஊர்ப் பெண். சென்னையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. கடைசிக் கடிதம் இந்த வாரம் வரும், வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் பதில் போட வேண்டும், இல்லையென்றால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் — என்று ஊருக்கு வந்தபோது செல்வராணியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ரேவதி இருப்பது சென்னை. ரேவதியின் மெயில் பெட்டி இருப்பது இந்த அலமாரி.

செல்வராணி ஒயர்களைக் கழற்ற ஆரம்பித்தார். கறுப்புப் பெட்டியை இரண்டு பாலிதீன் பையில் சுற்றி, துணிப்பையில் வைத்தார்.

"என்னம்மா செய்றீங்க?"

"கீழ செங்கம் டவுனுக்குப் போறேன். அங்க சிக்னல் இருக்கும்."

"சிக்னல்தான் வேணும்னா ஃபோனை மட்டும் கொண்டு போகலாமே? அந்தச் சென்னை கம்ப்யூட்டரைத் திறந்து, ரேவதிக்கு என்ன வந்திருக்குன்னு படிச்சு அவளுக்குச் சொல்லிடலாமே?"

"படிக்கலாம் சார். அஞ்சு நிமிஷ வேல." பையின் வாயைக் கட்டினார். "ஆனா அது எனக்கு வந்த லெட்டர் இல்லீங்களே."

செங்கத்திலும் கரண்டு இல்லாவிட்டால் என்று செல்வராணி பயந்தார். பாட்டரியும் வர வேண்டும். அதை நான் தூக்கிக்கொண்டேன். வீட்டையும் மாட்டையும் பார்க்க வேலு நின்றுவிட்டார்.

ஒன்பது மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். தூறல் விடவில்லை. சாய்ந்த மரங்களுக்கு அடியில் தவழ்ந்தோம். மூன்றாவது மரத்தில் கிளைகள் அடர்த்தி. செல்வராணி பெட்டிப் பையை என் கையில் கொடுத்துவிட்டு முதலில் ஏறிக் குதித்து, கையை நீட்டி, "பொட்டிய மொதல்ல குடுங்க சார்," என்றார். நான் வழுக்கி விழுந்தாலும் பரவாயில்லை என்று அர்த்தம். நியாயம்தான். நாற்பத்திரண்டு பேருடைய கடிதம் அது. நான் ஓர் ஆள்.

அடிவாரம் போய்ச் சேர மதியம் ஒன்றரை. காய்கறி ஏற்றிப் போன ஒரு டெம்போவில் இடம் கிடைத்தது. செங்கம் வந்து இறங்கினால்... செல்வராணி பயந்தபடியே, ஊர் முழுக்கக் கரண்டு இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. மெஷின் ஓடாததால் கடைக்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார். நனைந்துபோன இரண்டு பேர் படியேறி, பையிலிருந்து பெட்டியை எடுத்து, பாட்டரியில் மாட்டியதும் எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா இது?"

"போஸ்ட் ஆபீசுண்ணே. ஒரு மணி நேரம் எடம் குடுங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார். எங்கள் காலில் இருந்த சேற்றைப் பார்த்தார். மேஜையில் இருந்த பேப்பர் கட்டுகளைத் தள்ளிவைத்து இடம் கொடுத்தார்.

செல்வராணி தன் ஃபோனிலிருந்து பெட்டிக்கு இன்டர்நெட் கொடுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஃபோன் திரையில் ஒரு வரி வந்தது. இன்னொன்று. அப்புறம் மளமளவென்று ஓட ஆரம்பித்தது. யாருக்கு, எத்தனை மணிக்கு — அவ்வளவுதான் தெரிந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. சாமை விற்கும் பெண்கள் குழுவுக்கு நாலு. பள்ளிக்கூட டீச்சருக்கு இரண்டு. மலையே காது கேளாமல் கிடந்த நேரத்தில் வந்த அத்தனை கடிதங்களும், ஒன்றுகூடத் தொலையாமல், ஒரு ஜெராக்ஸ் கடை மேஜைக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

"ரேவதிக்கு ஒண்ணு," என்றார் செல்வராணி.

மணி மூன்று பத்து. காத்திருந்தோம். கடைக்காரரும் எங்களோடு அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று ஐம்பதுக்கு ஒரு வரி வந்தது. ரேவதியிடமிருந்து, வெளியே. போய்ச் சேர்ந்தது.

செல்வராணி அப்போதுதான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

சற்று நேரத்தில் ரேவதியே கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் குரல் கேட்டது.

"அக்கா, நேத்து ராத்திரிலேர்ந்து பொட்டி தெறக்கல. முடிஞ்சிச்சுன்னே நெனச்சேன். இப்பதான் வந்துச்சு. பதில் போட்டுட்டேன்."

"ம்."

"வேணாம்னு எழுதிட்டேன்க்கா."

நான் செல்வராணியைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சரி," என்றார்.

"நெறைய யோசிச்சேன்க்கா. பதிலே போவாம அந்த வேல கைவுட்டுப் போயிருந்தா, அங்க போயிருந்தா இன்னா ஆயிருப்பேனோன்னு ஆயுசு பூரா நெனச்சிட்டிருப்பேன். இப்ப நானே சொல்லிட்டேன். மனசு லேசாயிடுச்சு."

"நல்லாரு," என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டு, செல்வராணி மீண்டும் திரையில் ஓடும் பெயர்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஏம்மா, இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தது, ஒரு 'வேணாம்' சொல்றதுக்கா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்பது போல.

"வேணாம்னாலும் போய்ச் சேரணுமில்லீங்க."